70–200 எஃப் 2.8 லென்ஸ்: சொந்தமாக வாங்குவதா, வாடகைக்கு எடுப்பதா? கரையோரப் புகைப்படக்காரருக்கு ஒரு கணக்கு

கல்முனை தொடக்கம் பொத்துவில் வரையான கரையோர ஊர்களில் கெமராவைத் தொழிலாக எடுத்துக்கொண்ட இளைஞர்கள் என்னிடம் அதிகம் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "காக்கா, எழுபது – இருநூறு ஒன்று எடுக்கலாமா?"

அவர்கள் கேட்பது 70–200 மி.மீ. எஃப் 2.8 தூர லென்ஸைப் பற்றி. கலியாண மண்டபத்தில் வெள்ளை நிறத்தில் நீளமாகத் தெரியுமே, அதுதான். அந்த லென்ஸைக் கையில் வைத்திருப்பவரைப் பெரிய போட்டோகாரர் என்று சனம் நினைப்பதும், அதனால் கேட்கும் காசைக் கொஞ்சம் கூட்டிக் கேட்க முடிவதும் உண்மைதான். ஆனால் இந்தக் கேள்விக்குப் பின்னால் பெரும்பாலும் உம்மாவின் நகையோ, கட்டாரில் இருக்கும் மச்சானின் சேமிப்போ, பைனான்ஸ் கம்பனியின் தவணையோ இருக்கிறது. ஒரு குடும்பத்தின் பல மாதச் செலவு ஒரு கண்ணாடிக் குழாய்க்குள் போகிறது. அதனால் "நல்ல லென்ஸ், எடு தம்பி" என்று சொல்லிவிட்டுப் போக எனக்கு மனம் வருவதில்லை.

பதினைந்து வருடத்துக்கு மேலாகக் கலியாணம், பாடசாலை நிகழ்வு, விளையாட்டு, செய்தி என்று எல்லாவற்றுக்கும் கெமரா தூக்கியிருக்கிறேன். இந்த வகை லென்ஸை வாடகைக்கும் எடுத்திருக்கிறேன், சொந்தமாகவும் வைத்திருக்கிறேன். கேட்பவர்களுக்கு நான் போட்டுக் காட்டும் கணக்கை இங்கே எழுதுகிறேன்.

2.8 என்ற எண்ணுக்கு ஏன் இவ்வளவு விலை?

70–200 என்பது குவியத் தூரம். லென்ஸைத் திருகினால் 70 மி.மீ. இலிருந்து 200 மி.மீ. வரை காட்சி நெருங்கி வரும். எஃப் 2.8 என்பது ஒளி நுழையும் துவாரத்தின் அளவைச் சொல்லும் எண். குவியத் தூரத்தை அந்த எண்ணால் வகுத்தால் துவாரத்தின் விட்டம் கிடைக்கும். 200ஐ 2.8ஆல் வகுத்தால் ஏறத்தாழ 71 மி.மீ. அதே 200ஐ 4ஆல் வகுத்தால் 50 மி.மீ. தான். துவாரம் பெருத்தால் கண்ணாடிகள் பெருக்கும், பாரம் கூடும், விலை ஏறும். கெனனின் 2010ஆம் ஆண்டு எஃப் 2.8 லென்ஸ் 1490 கிராம். அதே கம்பனியின் 2006ஆம் ஆண்டு எஃப் 4 லென்ஸ் 760 கிராம். பாதிக்குப் பாதி.

அந்தப் பாரத்துக்கு நமக்குக் கிடைப்பது எஃப் 4ஐ விட இரண்டு மடங்கு ஒளி. கெமராவோடு வரும் சாதாரண 55–250 போன்ற லென்ஸ், முழுதாக நீட்டும்போது எஃப் 5.6இல் வந்து நிற்கும். அதோடு ஒப்பிட்டால் நான்கு மடங்கு ஒளி.

மைதானத்தில் இதற்கு என்ன அர்த்தம்? இரவுப் போட்டியில் ஓடுகிறவரை உறைய வைக்க 1/1000 செக்கன் வேகம் வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எஃப் 2.8இல் ஐ.எஸ்.ஓ. 6400 போதுமான வெளிச்சத்தில், எஃப் 5.6 லென்ஸுக்கு ஐ.எஸ்.ஓ. 25600 வேண்டும். அல்லது வேகத்தை 1/250க்கு இறக்க வேண்டும். முதலாவதில் படம் புள்ளி புள்ளியாக உடையும். இரண்டாவதில் ஓடுகிறவரின் காலும் கையும் கலங்கும்.

லென்ஸில் உள்ள நடுக்கத் தடுப்பு இந்த இடத்தில் உதவாது. அது நமது கை நடுக்கத்தை மட்டும்தான் அடக்கும், ஓடுகிறவரை நிறுத்தாது. ஸ்டெபிலைசர் இருப்பதால் எஃப் 4 போதும் என்று கடையில் சொல்வார்கள். மேடையில் அசையாமல் நிற்கும் பேச்சாளருக்கு அது சரி. பந்தோடு பாயும் பொடியனுக்குச் சரிவராது.

முப்பது வருடமாகச் சந்தையில் இருப்பது

இது புதிய சாமானே இல்லை. கெனன் 1995இல் தனது முதலாவது 70–200 எஃப் 2.8ஐ வெளியிட்டது. 2001இல் நடுக்கத் தடுப்போடு ஒன்று வந்தது. அதன் இரண்டாம் பதிப்பு 2010இலும் மூன்றாவது 2018இலும் வந்தன. நிகோன் நடுக்கத் தடுப்புள்ள தனது லென்ஸை 2003இலும், திருத்திய பதிப்புகளை 2009, 2016 ஆகிய ஆண்டுகளிலும் கொடுத்தது. கண்ணாடி மடிப்பு இல்லாத மிரர்லெஸ் கெமராக்களுக்காக சோனி 2016இலும், கெனன் 2019இலும், நிகோன் 2020இலும் வெளியிட்டன. சோனியின் 2021ஆம் ஆண்டு இரண்டாம் பதிப்பு 1045 கிராம் அளவுக்கு மெலிந்துவிட்டது.

இந்த வரலாற்றை நான் சொல்வது ஒரு காரணத்துக்காக. இத்தனை வருடமாக விற்கப்பட்டதால் பாவித்த லென்ஸ்கள் சந்தையில் நிறைய இருக்கின்றன. பழைய கெனன் லென்ஸ்கள் 2018இல் வந்த அடப்டர் மூலம் புதிய மிரர்லெஸ் உடலிலும் முழுத் தானியங்கிக் குவியத்தோடு வேலை செய்கின்றன. ஆகவே புதியது வாங்கினால்தான் ஆகும் என்ற கட்டாயம் யாருக்கும் இல்லை.

தூரமும் இருட்டும் சேரும் நாட்கள்

இந்த லென்ஸைத் தீர்மானிக்க நான் கேட்கச் சொல்வது ஒரு கேள்விதான். உங்கள் தொழிலில் தூரமும் இருட்டும் ஒரே நேரத்தில் சேர்ந்து வரும் நாட்கள் வருடத்துக்கு எத்தனை?

தூரம் மட்டும் பிரச்சினையாக இருந்தால் இந்த லென்ஸ் தேவையில்லை. சந்தாங்கேணி மைதானத்தில் பின்னேரம் நடக்கும் உதைபந்தாட்டம், பாடசாலைகளின் இல்ல விளையாட்டுப் போட்டி, வயலில் அறுவடை எல்லாம் நல்ல வெயிலில் நடப்பவை. எமது கரையில் பகல் வெளிச்சத்துக்குப் பஞ்சமே இல்லை. அந்த வெளிச்சத்தில் எஃப் 5.6 லென்ஸும் 1/1000 செக்கனைத் தாராளமாகக் கொடுக்கும்.

அறுகம்பைக்கும் குமணவுக்கும் போகிறவர்கள் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். அங்கே 200 மி.மீ. போதாது. முழுச்சட்டகக் கெமராவில் 200 மி.மீ. கொண்டு நூறு மீற்றர் தூரத்தில் எடுத்தால் சட்டத்துக்குள் விழும் உயரம் 12 மீற்றர். அலையில் நிற்கிற ஆள் அதில் ஏழில் ஒரு பங்குதான். குமணவில் கொக்கும் நாரையும் அதைவிடச் சிறிதாகத் தெரியும். அந்த வேலைக்கு சிக்மா, டெம்ரோன் கம்பனிகளின் 150–600 மி.மீ. லென்ஸ்கள்தான் பொருத்தம். துவாரம் சிறியது, ஆனால் வேலை நடப்பது வெயிலில். அறுகம்பையில் அலைச்சறுக்கை எடுக்கிறவர்கள் விலையை விட நேரத்தைப் பார்ப்பது நல்லது. காலையில் சூரியன் கடல் பக்கம் நிற்பதால் ஆட்கள் கறுத்துப் போவார்கள். பின்னேரம் வெயில் நமது முதுகுப் பக்கமிருந்து அவர்கள் முகத்தில் விழும்.

இருட்டு மட்டும் பிரச்சினையாக இருந்தாலும் இந்த லென்ஸ் தேவையில்லை. வீட்டில் நடக்கும் கலியாணம், மணப்பெண் அலங்காரம், மருதாணி இரவு எல்லாம் அறைக்குள் இரண்டு மூன்று மீற்றர் தூரத்தில் நடப்பவை. அங்கே 50 மி.மீ. அல்லது 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் போதும். எஃப் 1.8 என்பது எஃப் 2.8ஐ விட ஏறத்தாழ இரண்டரை மடங்கு ஒளியைத் தரும். கெனனின் 85 மி.மீ. எஃப் 1.8 லென்ஸ் 425 கிராம்தான். நாள் முழுக்கத் தூக்கினாலும் தோள் வலிக்காது.

இரண்டும் சேருவது எங்கே? பள்ளிவாசலில் நடக்கும் நிக்காஹ்வில் சேரும். சில பள்ளிவாசல்களில் படமெடுக்க அனுமதியில்லை. அனுமதிக்கிற இடத்திலும் குத்பா நடக்கும்போது முன்னால் போய்ப் பிளாஷ் அடிக்க முடியாது. பின்வரிசையில் ஒதுங்கி நின்று, மாப்பிள்ளையும் வலியும் கை பிடிக்கும் அந்தச் சில செக்கன்களை எடுக்க வேண்டும். பாடசாலைப் பரிசளிப்பு, ஒலுவில் தென்கிழக்குப் பல்கலைக்கழகப் பட்டமளிப்பு, இரவு நேரத் தேர்தல் கூட்டம், மின்னொளியில் நடக்கும் கிரிக்கெட் சுற்றுப்போட்டி, கல்முனை கடற்கரைப் பள்ளிவாசல் கொடியேற்ற விழாவின் இரவுகள், ஆலயத் திருவிழாக்களின் இரவு நிகழ்வுகள் ஆகியவையும் இதே வகைதான். கிட்டப் போக முடியாது, வெளிச்சமும் இல்லை. இந்த லென்ஸ் தன் விலைக்கு உழைப்பது இந்த இடங்களில் மட்டும்தான்.

உங்கள் பழைய படங்களிலேயே விடை இருக்கிறது

அந்த நாட்களை நினைவிலிருந்து எண்ண வேண்டாம். நினைவு ஆசையின் பக்கம்தான் சாயும். கணினியைத் திறவுங்கள். ஒவ்வொரு படக் கோப்புக்குள்ளும் குவியத் தூரம், துவாரம், வேகம், ஐ.எஸ்.ஓ. எல்லாம் பதிவாகி இருக்கும். லைட்ரூம் போன்ற மென்பொருளில் இவற்றைக் கொண்டு படங்களைப் பிரித்தெடுக்கலாம்.

கடந்த ஒரு வருடத்தில் வாடிக்கையாளரிடம் ஒப்படைத்த படங்களை மட்டும் எடுங்கள். அதில் 135 மி.மீ. ஐத் தாண்டியும் ஐ.எஸ்.ஓ. 3200ஐத் தாண்டியும் எடுத்தவை எவை என்று பாருங்கள். பிறகு அவை எத்தனை நாள் வேலையில் வந்தவை என்று எண்ணுங்கள். படங்களின் எண்ணிக்கையை விட நாட்களின் எண்ணிக்கைதான் நமக்கு வேண்டியது. வாடகையும் வருமானமும் நாள் கணக்கில்தானே வருகின்றன.

என்னிடம் கேட்ட இளைஞர்கள் சிலர் இப்படி எண்ணிப் பார்த்திருக்கிறார்கள். கலியாணம் மட்டும் செய்கிறவர்களுக்குப் பெரும்பாலும் எண்ணிக்கை குறைவாக வந்தது. பாடசாலை, மேடை, விளையாட்டு என்று கலந்து செய்கிறவர்களுக்குக் கூட வந்தது.

மண்டபத்துக்குள் 200 மி.மீ. என்ன செய்யும்?

முழுச்சட்டகக் கெமராவில் 200 மி.மீ. இல் ஐந்து மீற்றர் தள்ளி நின்றால் சட்டத்துக்குள் வருவது 90 சென்ரிமீற்றர் அகலமும் 60 சென்ரிமீற்றர் உயரமும். அதாவது ஒரு ஆளின் தலையும் தோளும். பத்து மீற்றரில் கெமராவை நெடுக்காகப் பிடித்தால் ஒரு ஆள் நின்ற நிலையில் முழுதாக வருவார். சிறிய சென்சர் உள்ள கெமரா என்றால் இதைவிட இறுகும். எமது ஊர்களின் சிறிய மண்டபங்களில் அது சில நேரம் தொல்லை. சுவரோடு சாய்ந்து நின்றாலும் மாப்பிள்ளையும் தோழர்களும் ஒரே படத்துக்குள் வரமாட்டார்கள்.

ஐந்து மீற்றரில் 200 மி.மீ. எஃப் 2.8 வைத்தால் கூர்மையாக விழும் ஆழம் பத்து சென்ரிமீற்றர் அளவுதான். மாப்பிள்ளையின் கண் தெளிவாக இருக்கும்; பக்கத்தில் அரையடி பின்னால் இருக்கும் வாப்பாவின் முகம் கலங்கும். குடும்பப் படத்துக்கு இது ஆகாது. ஆனால் பின்னால் கிடக்கும் பிளாஸ்டிக் கதிரைகள், தொங்கும் வயர்கள், கைபேசி தூக்கி நிற்கும் சனம் எல்லாவற்றையும் இது கரைத்துவிடும். மண்டபத்தில் நான் இந்த லென்ஸை விரும்புவதற்கு ஒளியை விட இதுவே பெரிய காரணம்.

85 மி.மீ. லென்ஸில் எடுத்து, கணினியில் வெட்டிப் பெரிதாக்கினால் என்ன என்று கேட்கலாம். 200 மி.மீ. காட்சிக்குச் சமமாக வெட்டினால் 24 மெகாபிக்ஸல் படத்தில் மிஞ்சுவது நான்கு மெகாபிக்ஸலுக்குச் சற்று அதிகம். முகநூலுக்கும் வட்ஸ்அப்புக்கும் செய்தித் தளத்துக்கும் அது தாராளம். அல்பத்தில் ஒரு பக்கம் முழுக்க நிரப்பும் படத்துக்குப் போதாது. உங்கள் படங்கள் கடைசியில் எங்கே போய்ச் சேருகின்றன என்பதைக் கொண்டு இதைத் தீர்மானியுங்கள்.

மென்பொருளும் இப்போது கணக்கை மாற்றியிருக்கிறது. 2023 ஏப்ரலில் லைட்ரூமில் செயற்கை நுண்ணறிவு மூலம் புள்ளிகளை நீக்கும் வசதி வந்தது. ஐ.எஸ்.ஓ. 12800 படங்கள்கூட அதில் அல்பத்துக்குத் தகுதியாக வருகின்றன. ஆகவே வெறும் புள்ளிப் பிரச்சினைக்காக எஃப் 4ஐ விட்டு எஃப் 2.8க்குப் போகத் தேவை முன்பைவிடக் குறைந்துவிட்டது. கலங்கிய அசைவை மட்டும் எந்த மென்பொருளாலும் முழுதாகத் திருத்த முடியாது.

இன்னொரு விடயம் மின்விளக்கு. இலங்கையில் மின்சாரம் 50 ஹேர்ட்ஸ். அதனால் மண்டப விளக்குகள் பல செக்கனுக்கு நூறு தடவை கூடிக் குறைகின்றன. கண்ணுக்குத் தெரியாது, கெமராவுக்குத் தெரியும். 1/500 வேகத்தில் எடுத்தால் ஒரு படம் மஞ்சளாகவும் அடுத்தது இருட்டாகவும் வரலாம். சத்தமில்லாத மின்னணு ஷட்டர் பாவித்தால் குறுக்குக் கோடுகள் விழும். பள்ளிவாசலில் சத்தம் வேண்டாம் என்று அதைப் போடுகிறவர்கள் முதலில் ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கிப் பார்க்க வேண்டும். 1/100 அல்லது 1/50 வேகம் இந்தத் தொல்லையைக் குறைக்கும். கெனன் 2014இல் 7டி மார்க் 2 கெமராவில் கொண்டுவந்த பிளிக்கர் தடுப்பு வசதி இப்போது பல கெமராக்களில் இருக்கிறது. லென்ஸுக்கு இலட்சக்கணக்கில் கொடுக்க முன்னர், உங்கள் கெமராவின் மெனுவில் அது இருக்கிறதா என்று தேடுங்கள்.

விலை

இந்த லென்ஸ்களின் விலையை டொலரில்தான் பார்க்க வேண்டும். ஏனெனில் ரூபா அதன் பின்னால் ஓடுகிறது. சோனியின் 2021ஆம் ஆண்டு லென்ஸ் அமெரிக்காவில் 2800 டொலருக்கு வந்தது. 2022 மார்ச்சுக்கு முன்னர் டொலர் 200 ரூபா அளவில் இருந்தபோது அது 5 இலட்சத்து 60 ஆயிரம் ரூபா. டொலர் 300 ரூபா என்றால் 8 இலட்சத்து 40 ஆயிரம். வரியும் கடைக்காரரின் இலாபமும் இதற்கு மேல். பெறுமதி சேர் வரி 2024 ஜனவரி முதல் 18 வீதமாக உயர்ந்ததையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மலிவான வழிகளும் உண்டு. டெம்ரோனின் 70–180 எஃப் 2.8, 2020இல் 1200 டொலர் அளவில் வந்தது. பாரம் 810 கிராம். 2023இல் நடுக்கத் தடுப்போடு இரண்டாம் பதிப்பு 1300 டொலருக்கு வந்தது. 300 ரூபாக் கணக்கில் அது 3 இலட்சத்து 90 ஆயிரம். கடைசி இருபது மில்லிமீற்றர் இல்லாததை மண்டபத்தில் யாரும் கவனிக்கப் போவதில்லை. சிக்மாவும் 2023 இறுதியில் மிரர்லெஸ் கெமராக்களுக்கு ஒரு 70–200 எஃப் 2.8ஐ 1500 டொலருக்கு வெளியிட்டது. இவை எல்லாக் கம்பனிக் கெமராவுக்கும் பொருந்துவதில்லை. உங்கள் மௌண்டுக்கு இருக்கிறதா என்று பார்த்துவிட்டு ஆசைப்படுங்கள்.

வளைகுடாவிலிருந்து வரும் உறவினர் மூலம் எடுப்பது எமது பகுதியில் வழக்கம். விலை குறையலாம். ஆனால் உத்தரவாதம் வாங்கிய நாட்டில் மட்டும் செல்லுபடியாவது உண்டு. பழுதானால் திருத்தக் கொழும்புக்கு அனுப்பும் செலவும், கலியாணக் காலத்தில் லென்ஸ் கையில் இல்லாத நாட்களும் சேர்ந்துதான் உண்மையான விலை.

வாடகையோடு ஒப்பிடும் கணக்கு

எமது ஊர்களில் ஸ்டூடியோக்காரர்கள் தமக்குள் நாள் வாடகைக்குக் கொடுத்து வாங்குவது உண்டு. கீழே உள்ள எண்கள் உதாரணத்துக்குத்தான். உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.

பாவித்த லென்ஸ் ஒன்றை 3 இலட்சத்துக்கு வாங்குகிறீர்கள். மூன்று வருடத்தின் பின் 2 இலட்சத்துக்கு விற்கலாம் என்று வைப்போம். இழப்பு 1 இலட்சம். பாதுகாப்புப் பெட்டி, துப்புரவு என்று 20 ஆயிரம். மொத்தச் செலவு 1 இலட்சத்து 20 ஆயிரம். நாள் வாடகை 4 ஆயிரம் என்றால் இது 30 நாள் வாடகைக்குச் சமம். வருடத்துக்குப் பத்து நாள். மேலே சொன்னபடி எண்ணிய நாட்கள் பத்தைத் தாண்டினால் வாங்குவது இலாபம். குறைந்தால் வாடகைதான் இலாபம்.

இதையே கடனுக்கு வாங்கினால் கணக்குத் தலைகீழாகும். வருடத்துக்கு 18 வீத வட்டி, முதல் மூன்று வருடமும் நிலுவையில் என்று வைத்தால், வட்டி மட்டும் 1 இலட்சத்து 62 ஆயிரம். மொத்தச் செலவு 2 இலட்சத்து 82 ஆயிரம். அது எழுபது நாள் வாடகை, வருடத்துக்கு 23 நாளுக்கு மேல். வட்டியை மார்க்கம் தடுத்திருக்கிறது என்பதை எமது சனத்துக்கு நான் சொல்லத் தேவையில்லை. நகையை அடகு வைத்து லென்ஸ் வாங்க நினைக்கும் தம்பிமார் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பார்க்க வேண்டும். நோன்பு மாதத்தில் கலியாணம் இராது, மாரியில் மைதானம் இராது. தவணை மட்டும் எல்லா மாதமும் வரும்.

பாவித்த லென்ஸைப் பார்க்கும் விதம்

பகல் வெளிச்சத்தில் பாருங்கள், கடைக்குள் வேண்டாம். இரண்டு பக்க மூடியையும் கழற்றி, ஒரு பக்கத்திலிருந்து டோர்ச் அடித்து மறுபக்கத்தால் சரிவாகப் பாருங்கள். சிலந்தி வலை போல், வேர் போல் கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சணம். உள்ளே சில தூசிகள் இருந்தால் படத்துக்குப் பாதிப்பில்லை. பால் படிந்தது போல் மங்கல் இருந்தால் வாங்க வேண்டாம்.

துவாரத்தின் இதழ்களில் எண்ணெய்ப் பசை இருக்கிறதா, சூம் வளையம் எல்லா இடத்திலும் ஒரே இறுக்கமாகச் சுழல்கிறதா, குவியம் பிடிக்கும்போது கிறீச்சிடுகிறதா என்று பாருங்கள். நடுக்கத் தடுப்பைப் போட்டதும் வ்யூபைண்டரில் படம் துள்ளினால் அதில் பழுது இருக்கலாம். சுவரில் செய்தித்தாள் ஒன்றை ஒட்டி, 200 மி.மீ. எஃப் 2.8இல் எடுத்து, நான்கு மூலையையும் பெரிதாக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் கலங்கியிருந்தால் லென்ஸ் விழுந்திருக்க வாய்ப்பு அதிகம். மிகப் பழைய மாதிரி என்றால், உதிரிப்பாகம் இன்னும் கிடைக்கிறதா என்று திருத்துபவரிடம் முதலில் விசாரியுங்கள்.

கடற்கரையில் லென்ஸ் வளர்ப்பு

கொழும்பு விமர்சனங்களில் வராத செலவு இது. நாங்கள் உப்புக் காற்றில் வாழ்கிறோம். வாடைக்காலத்தில், ஐப்பசி முதல் தை வரை, துணியே காயாத ஈரப்பதனில் லென்ஸைத் தோல் பைக்குள் பூட்டி வைத்தால் பூஞ்சணம் பிடிக்கும். அது கண்ணாடியின் மேற்பூச்சைத் தின்றுவிட்டால் துடைத்தும் போகாது. காற்றுப் புகாத பெட்டி, அதற்குள் சிலிக்கா ஜெல், ஈரப்பதன் காட்டும் சிறிய மானி ஆகிய மூன்றும் கட்டாயம். மானி 40க்கும் 50க்கும் இடையில் நிற்க வேண்டும். வாரம் ஒரு தடவையாவது லென்ஸை வெளியே எடுத்துப் பாவிப்பதும் நல்லது.

கச்சான் வீசும் மாதங்களில் ஈரம் குறைவு, மணலும் சூடும் அதிகம். கடற்கரையில் லென்ஸ் மாற்றாதீர்கள். வீட்டுக்கு வந்ததும் சற்று ஈரமான துணியால் வெளிப்புறத்தைத் துடைத்து, உலர்ந்த துணியால் மீண்டும் துடையுங்கள். கெனனின் பெரிய லென்ஸ்கள் வெள்ளையாக இருப்பதே வெயிலின் சூட்டை உள்வாங்காமல் இருக்கத்தான். இருந்தும், வெயிலில் நிறுத்திய முச்சக்கர வண்டிக்குள் அதை விட்டுப் போகலாம் என்று அதற்கு அர்த்தமில்லை.

தூரத்திலிருந்து எடுப்பவருக்கு ஒரு பொறுப்பு

ஆண்கள் பக்கம் நின்றபடியே பெண்கள் பகுதியில் உள்ள ஒரு முகத்தை நிரப்பி எடுக்க இந்த லென்ஸால் முடியும். எடுக்கப்படுபவருக்குத் தெரியவே வராது. எமது ஊர்க் கலியாணங்களில் இதனால் மனக்கசப்புகள் வந்திருக்கின்றன.

வேலையை ஒப்புக்கொள்ளும்போதே குடும்பத்திடம் மூன்று விடயம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெண்கள் பகுதியை யார் எடுப்பது? எந்தப் படங்கள் வெளியே போகலாம்? மூலக் கோப்புகள் கடைசியில் யாரிடம் இருக்கும்? பெண்கள் பகுதிக்கு ஒரு பெண் புகைப்படக்காரரை அழைத்துக்கொள்வது இப்போது இங்கும் நடக்கிறது. அவருக்கு அங்கே தேவைப்படுவது 35, 50, 85 போன்ற சிறிய லென்ஸ்கள். இரண்டு பேராக வேலை செய்வதானால், 70–200க்குப் போகும் காசில் ஒரு பகுதியை அவருக்கான லென்ஸில் போடுவது தொழிலுக்கு நல்லது.

யார் வாங்கலாம்?

மேடை, இரவு விளையாட்டு, பள்ளிவாசல், பட்டமளிப்பு என்று வருடத்துக்கு இருபது நாளுக்கு மேல் வேலை உள்ளவர், கையில் காசு இருந்தால் வாங்கலாம். பாவித்த கெனன் அல்லது நிகோன், இல்லையென்றால் டெம்ரோன் போதும். உச்ச விலைப் பதிப்பு, தினமும் பாரம் தூக்குகிறவருக்கும் பெரிய பத்திரிகைகளுக்குப் படம் கொடுக்கிறவருக்கும் பொருந்தும்.

பத்துக்கும் இருபதுக்கும் இடையில் உள்ளவர் ஒரு சீசன் வாடகைக்கு எடுத்துப் பாருங்கள். அதே நாட்களில் எஃப் 4 ஒன்றையும் இரவல் வாங்கி எடுத்து, இரண்டு லென்ஸின் படங்களையும் வாடிக்கையாளரிடம் கலந்து காட்டுங்கள். அவர் வித்தியாசம் கண்டுபிடிக்கவில்லை என்றால் உங்களுக்கு எஃப் 4 போதும்.

பத்து நாளுக்குக் குறைவானவர் 85 மி.மீ. எஃப் 1.8 ஒன்றும் நல்ல பிளாஷ் ஒன்றும் வாங்கிவிட்டு மீதிக் காசைக் கையில் வைத்திருக்கட்டும். 70–200 தேவைப்படும் அன்று வாடகைக்கு எடுத்து, அந்த வாடகையை வாடிக்கையாளரின் பில்லில் தனி வரியாகப் போடுங்கள். கொடுப்பதற்கு அவர் தயங்கவில்லை என்றால் வேலை கூடுகிறது என்று அர்த்தம். அடுத்த வருடம் அந்த பில்களை எடுத்து வைத்து மறுபடியும் எண்ணிப் பாருங்கள்.